வரைந்தவர் பெயரையும் போடுங்கள், படத்தையும் பெரிதாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதங்கள் பகுதியில் கோபிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் எழுதியிருந்தார். கண்காட்சிகளில் வைப்பதும், ஊருக்குள் சுவர்களில் வரைவதும், வார இதழ்களில் கதைக்குப் போடுவதும் இப்போது எல்லாமே பொம்மைப் படங்களாகிவிட்டன, கண்ணைப் பறிக்கிற கலரை வாரிப் பூசிவிட்டால் அது ஓவியமா, பள்ளிக்கூடப் பையன் கம்ப்யூட்டரில் அரை மணி நேரத்தில் போட்டுவிடுவான், மணியம், கோபுலு, சில்பி இருந்த காலம் போயே போய்விட்டது என்பது அவர் வருத்தம். ஓவியத்தைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அவர் சொன்ன மூன்று பேரையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூவருமே பத்திரிகைக்கு வரைந்தவர்கள். இதழ் அச்சுக்குப் போகிற நேரத்துக்குள் படத்தை முடித்துக் கொடுத்தாக வேண்டியவர்கள். அவர்கள் வரைந்தது சுவரில் மாட்டுவதற்காக அல்ல, ஆயிரக்கணக்கில் அச்சாகி வீடு வீடாகப் போவதற்காக. இன்றைய இளைஞர்கள் செய்வதும் அதே வேலைதான். அதைத்தான் அவர் பொம்மைப் படம் என்று தள்ளுகிறார்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் செபரேஷன் வேலை பார்க்கிறவள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆர்டர் கொடுக்கிற பையர் அனுப்புகிற டிசைனில் எத்தனை கலர் இருக்கிறதோ அத்தனையாகப் படத்தைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிலிம் எடுத்து, சட்டத்தில் வலை கட்டி மருந்து பூசிய ஸ்கிரீன்மேல் வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், கலர் இறங்க வேண்டிய இடம் மட்டும் வலையில் திறந்துகொள்ளும். அப்புறம் டேபிளில் துணியை ஒட்டி, ஸ்கிரீனை வைத்து, கலர் பேஸ்ட்டை ஊற்றி ஸ்குவீஜி என்கிற ரப்பர் பட்டையால் இழுக்க வேண்டியதுதான். ஐந்து கலர் என்றால் ஐந்து ஸ்கிரீன், ஐந்து இழுப்பு, ஐந்தும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்கார வேண்டும். இந்த வேலையிலேயே நாள் முழுக்கக் கிடக்கிறவள் என்பதால்தான் விளம்பரம், சினிமா, காமிக்ஸ் என்று அன்றாடம் கண்ணில் படுகிற படங்களையே ஓவியமாக்குகிற பாப் ஓவியங்களைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன். ஏனென்றால் 1962-இல் நியூயார்க்கில் பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோல் கையில் எடுத்தது இதே ஸ்கிரீனையும் இதே ஸ்குவீஜியையும்தான்.

அந்த வருடம் ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்தார். அதன் பிறகு வார்ஹோல் அவருடைய பழைய விளம்பரப் போட்டோ ஒன்றை எடுத்து ஸ்கிரீனாக்கி, ஒரே முகத்தை ஐம்பது தடவை அச்சடித்தார். இடது பக்கம் இருபத்தைந்து முகம் கலரில், வலது பக்கம் இருபத்தைந்து முகம் வெறும் கறுப்பில். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிற அந்தப் படத்தை நான் நேரில் பார்த்ததில்லை, நல்ல அச்சில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்ததுமே எனக்கு அது எப்படி நடந்தது என்று புரிந்துவிட்டது. தலைமுடி மஞ்சள், முகம் ரோஸ், கண் இமைக்கு மேலே நீலம் என்று முதலில் தட்டையாகக் கலரைப் பூசிவிட்டு, அதன்மேல் போட்டோவின் கறுப்பு ஸ்கிரீனை இறக்கியிருக்கிறார். சில முகங்களில் உதட்டுச் சிவப்பு உதட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே நிற்கிறது. எங்கள் யூனிட்டில் இப்படி வந்தால் செட்டிங் அவுட் என்று பீஸை ஒதுக்கிவிடுவோம். அவர் ஒதுக்கவில்லை. கறுப்புப் பக்கத்தைப் பாருங்கள், ஒரு வரிசையில் மை அடைத்துக்கொண்டு முகமே கரியாகிப் போயிருக்கும், அடுத்தடுத்து மை தீர்ந்து தீர்ந்து கடைசி ஓரத்தில் முகம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வெளுத்துவிடும். ஸ்கிரீன் போட்ட எந்த ஆளையும் கூப்பிட்டுக் காட்டினால், அடைப்பு எங்கே, மை வற்றியது எங்கே என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவார். ஊரே பார்த்துப் பார்த்துப் பார்த்துத் தீர்த்த ஒரு முகம் கடைசியில் இல்லாமல் போவதை, அச்சில் நாங்கள் பழுது என்று சொல்கிற விஷயங்களை வைத்தே அந்த மனிதர் காட்டியிருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இதை எந்தப் பள்ளிக்கூடப் பையனும் அரை மணி நேரத்தில் போட்டுவிட முடியாது, யோசிக்கவே வருடங்கள் ஆகும்.

இன்னொரு விஷயம், இது உங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். வார்ஹோல் பெயர் எடுப்பதற்கு முன்னால் 1950-களில் ஒரு செருப்புக் கம்பெனிக்காக நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விளம்பரங்களில் விதவிதமாகப் பெண்களின் ஷூ வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். விளம்பரத்துக்கும் பத்திரிகைக்கும் வரைகிறவர் ஒரு ஜாதி, ஓவியர் என்றால் வேறு ஜாதி என்று நாம் வைத்திருக்கிற பிரிவு அவர் விஷயத்தில் நிற்கவே இல்லை. நம் ஊரிலும் அது நின்றதில்லை. 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி காந்தியைக் கோடுகளாகவே வரைந்து தள்ளிய ஆதிமூலம்தான் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் தலைப்பெழுத்து வரைந்து கொடுத்தவர். அந்த எழுத்துகளிலும் அதே கைதான் தெரியும்.

மணியத்துக்கு வருகிறேன். 1950-லிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கியில் தொடராக வந்தபோது அவர் வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும் நந்தினியும்தான் இன்றுவரை நம் மனசில் இருக்கிற வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி. அந்தக் காலத்து அச்சில் கறுப்புக் கோடு பிளாக் என்கிற அச்சுத் தகட்டில் சுத்தமாக விழும். நிழலும் வெளிச்சமுமாகக் கலந்து வரைந்தால் அதைப் புள்ளி புள்ளியாக உடைத்துத்தான் அச்சடிக்க வேண்டும், மட்டமான தாளில் அது ஈஷிக்கொள்ளும். அதனால் உடம்பின் வளைவு, துணியின் கனம், முகத்தின் கோபம் எல்லாவற்றையும் கோடே சொல்லியாக வேண்டியிருந்தது. கோபுலுவின் கோடு ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் இழையாக மெலிவதைப் பாருங்கள், அந்த மெலிவில்தான் ஆள் திரும்புவது தெரியும். அவர்கள் தங்கள் காலத்து அச்சு யந்திரத்தைப் புரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி கையைப் பழக்கியவர்கள். இன்றைக்குப் படம் போகிற இடம் செல்போன் திரை. கையகலக் கண்ணாடியில், வெளிச்சத்தில், ஒரு விரல் தள்ளுவதற்குள் கண்ணைப் பிடிக்க வேண்டும். அதற்குத் தட்டையான பெரிய கலர், கொஞ்சமே கோடு, நிறைய வெற்றிடம் என்று இந்தப் பிள்ளைகள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மணியம் பிளாக்குக்குச் செய்ததை இவர்கள் திரைக்குச் செய்கிறார்கள், என் கணக்கில் அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்ப்யூட்டர் தானாக வரையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் யூனிட்டில் ஒரு தம்பி டேப்லெட்டில் வரைகிறான். பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும், கை நடுங்கினால் கோடும் நடுங்கும். ஒரு எருமையின் முதுகை ஒரே இழுப்பில் கொண்டுவர அவன் சாப்பாட்டு நேரம் பூராவும் அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் ரப்பர் தேயும், இங்கே தேயாது, மற்றபடி பாடு ஒன்றுதான். வார்த்தையைத் தட்டினால் படம் துப்புகிற ஏஐ வேறு சமாச்சாரம். அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் கஷ்டப்பட்டு வரைகிற பிள்ளைகளின் பெயர் கெடுகிறது. கதைக்கு ஏஐ படம் போட்டுவிட்டு ஓவியருக்குக் கொடுக்கிற சொற்பத் தொகையை மிச்சம் பிடிக்கிற பழக்கம் சில இடங்களில் தொடங்கிவிட்டது. உங்கள் பத்திரிகை அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, கண்ணைப் பறிக்கிற கலர். இதை நம் கொங்குச் சீமையில் இருந்துகொண்டு ஒருவர் குறையாகச் சொல்வது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. சேலம், ஈரோடு பக்கம் எந்த முனியப்பன் கோயிலுக்கு வேண்டுமானாலும் போங்கள். ஆளுயரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிற சாமிக்கு எனாமல் பெயின்ட்டில் ரோஸ் உடம்பு, கறுகறுவென்று மீசை, வெள்ளை முழிக்கு நடுவே வட்டக் கறுப்பு, பச்சை வேட்டி, மஞ்சள் கரை. நிழல் கிடையாது, கலந்து மங்க வைப்பது கிடையாது. ஒரு கலர் முடிகிற இடத்தில் அடுத்த கலர் வெட்டினாற்போலத் தொடங்கும். தூரத்து ரோட்டில் பஸ்ஸில் போகிறவனுக்கும் சாமி தன்னைப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், அதற்காக அப்படி. பவானி ஜமக்காளத்தின் பட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் சமாதானம் பண்ணி வைக்க மூன்றாவது கலர் எதையும் யாரும் தேடுவதில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டி முடித்ததும் பெயின்டர்கள் வந்து பின் கதவில் கழுகும் தாமரையும் போட்டு, நிழல் விழுகிற மாதிரி பெயரும் எழுதிக் கொடுப்பார்கள். இப்போது அதில் பெரும்பகுதியை ரேடியம் ஸ்டிக்கர் பிடித்துக்கொண்டது. இவற்றைப் பார்த்து வளர்ந்த கண் நம்முடையது. தட்டைக் கலர் நமக்கு எந்த ஊரிலிருந்தும் வந்து இறங்க வேண்டியதில்லை.

தட்டையாக வரைகிறவனுக்கு ஆழமாக வரையத் தெரியாது என்று நினைப்பதும் சரியில்லை. யாமினி ராய் கல்கத்தா ஓவியப் பள்ளியில் ஐரோப்பிய முறையை முறையாகப் படித்து, ஆளைப் பார்த்து அப்படியே வரைந்து சம்பாதித்துக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு, காளி கோயில் வாசலில் யாத்ரீகர்களுக்குக் காசுக்கு விற்ற காளிகாட் படங்களின் வளைந்த கோட்டுக்கும் தட்டைக் கலருக்கும் அவராகத்தான் வந்தார். ஜப்பானில் தகாஷி முராகாமி, சிரிக்கிற பூவும் பொம்மை முகமுமாக வரைகிறாரே, அவர் படித்துப் பட்டம் வாங்கியது அந்நாட்டு மரபு ஓவியத்தில், அதுவும் டாக்டர் பட்டம். பழைய மரக்கட்டை அச்சுப் படங்களுக்கும் இன்றைய கார்ட்டூனுக்கும் நடுவே ஓடுகிற அந்தத் தட்டைத்தனத்தை 2000-இல் ஒரு கண்காட்சியாகவே வைத்துக் காட்டினார்.

நம்மிடம் ஓவியத்தைப் பாராட்ட ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது, அதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். "அப்படியே போட்டோ மாதிரியே இருக்குதுங்க." எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இது காதில் விழும். 2021-இல் கொரோனாவில் நாம் பறிகொடுத்த ஓவியர் இளையராஜாவின் படங்களைப் பற்றி எல்லோரும் சொன்னதும் இதுதான். ஆனால் போட்டோ மாதிரி இருப்பதா அவருடைய பெருமை? இருட்டான கிராமத்து வீட்டுக்குள் எங்கிருந்தோ நுழைகிற வெளிச்சம் ஒரு பெண்ணின் கன்னத்திலும் பாவாடை மடிப்பிலும் மட்டும் விழ, மற்றதெல்லாம் நிழலில் அமுங்கிக் கிடக்கும். எதைக் காட்டுவது எதை விடுவது என்று அவர் எடுத்த முடிவு அது. தட்டைக் கலரில் போடுகிறவரும் அதே முடிவைத்தான் எடுக்கிறார், நிழலில் அமுக்குவதற்குப் பதிலாக அடியோடு எடுத்துவிடுகிறார். இரண்டையும் ரசிக்கிற கண் ஒன்றுதான்.

உங்கள் வாசகர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். இன்றைய பேப்பரில் வந்திருக்கிற ஏதாவது ஒரு கலர் படத்தை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடிகையின் கன்னம், மந்திரியின் சட்டை, வானம், மரம் எல்லாமே நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று நாலு கலர் புள்ளிகளாக உடைந்துபோகும். தோல் கலர் என்று ஒரு மை அங்கே கிடையாது. இந்தப் புள்ளியைத்தான் அமெரிக்கப் பாப் ஓவியர் ராய் லிச்டென்ஸ்டைன் 1960-களில் கேன்வாஸில் பெரிதாக்கி வைத்தார், ஓட்டை போட்ட தகட்டை வைத்து. காமிக்ஸில் நாம் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற அழுகிற முகமும், வெடிக்கிற விமானமும் சுவர் அளவுக்குப் பெரிதாகி வந்து நின்றபோது, அச்சு நம் கண்ணை எப்படியெல்லாம் ஏமாற்றிப் பழக்கியிருக்கிறது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸையும் அப்புறம் வந்த லயன் காமிக்ஸையும் படித்து வளர்ந்தவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். ஈரோடு புத்தகத் திருவிழாவில் அந்த ஸ்டாலில் நரைத்த தலைகள் குழந்தைகள் போலக் குவிந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு லிச்டென்ஸ்டைனை யாரும் விளக்க வேண்டாம், படத்தைக் காட்டினால் போதும்.

ஆனால் லிச்டென்ஸ்டைன் விஷயத்தில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. 1963-இல் அவர் வரைந்த புகழ்பெற்ற விமானப் படம், 1962-இல் வந்த ஒரு யுத்தக் காமிக்ஸில் இர்வ் நோவிக் என்பவர் வரைந்த கட்டத்திலிருந்து எடுத்தது. எடுத்ததில் தப்பில்லை, மாற்றியிருக்கிறார், பெரிதாக்கியிருக்கிறார், எதை நீக்கினால் வேகம் கூடும் என்று பார்த்து நீக்கியிருக்கிறார். ஆனால் மூலத்தை வரைந்தவர் பெயர் ரொம்ப நாள் வெளியே வரவே இல்லை. ஒருவர் படம் அருங்காட்சியகத்தில், இன்னொருவர் பெயரே இல்லை. காமிக்ஸ் ஓவியர்கள் இன்றுவரை அதைச் சொல்லிக் குமுறுகிறார்கள், நியாயமான குமுறல். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அதே காரியத்தை நாமும் தினமும் செய்துகொண்டிருக்கிறோம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கதை எழுதியவர் பெயர் கொட்டை எழுத்தில் வருகிறது. படம் வரைந்தவர் பெயர் பல வாரங்களில் இல்லவே இல்லை. சில வாரம் படத்தின் மூலையில் அவர் போட்ட கையெழுத்து இருந்தாலும், பக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்று ஓரத்தை வெட்டும்போது அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு கதைக்கு வந்த படம், மொட்டை மாடியில் காய்கிற துணிகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் முழங்கை மட்டும் தெரிகிற மாதிரி, பின்னால் முழுக்க ஆரஞ்சு. வெட்டி வைத்திருக்கிறேன். யார் வரைந்தது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

பேனர் ஓவியர்களுக்கும் இதே கதிதான் நடந்தது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் வெரைட்டி ஹால் சினிமா கொட்டகை கட்டிய ஊர் கோவை, 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனி தொடங்கிய ஊர் சேலம். சினிமா இங்கே அவ்வளவு பழசு. என் வயசுக்காரர்களுக்குத் தியேட்டர் வாசல் பேனர்கள் நன்றாக நினைவிருக்கும். சின்னப் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, சாரத்தில் ஏறி நின்று வரைவார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கதாநாயகன் கன்னத்தில் நீலமும் ரோஸும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக இழுத்திருக்கும், முகமே தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பினால் ஆள் உயிரோடு நிற்பார். அமெரிக்காவில் ஜேம்ஸ் ரோசன்கிவிஸ்ட் என்பவர் இதே தொழிலில் இருந்தவர், நியூயார்க் நகரத்து டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் தொங்கிக்கொண்டு விளம்பரப் பலகை வரைந்தவர். அந்தக் கையோடு வந்து 1965-இல் 86 அடி நீளத்துக்கு ஒரு போர் விமானத்தை வரைந்து, அதன் குறுக்கே டயரும் சேமியாவும் முடி உலர்த்துகிற யந்திரத்துக்கடியில் சிரிக்கிற ஒரு சிறுமியும் வைத்தார். நம் எம்.எஃப். உசேன்கூட பம்பாயில் சினிமா பேனர் வரைந்து வயிறு வளர்த்தவர்தான். கோவையில் ஓவியர் ஜீவா பேனர் வரைகிற குடும்பத்திலிருந்து வந்து ஓவியமும் எழுத்துமாக நின்றார். அவரை நமக்குத் தெரியும். மற்ற பேனர்களில் யார் வரைந்தது என்று யாருக்குத் தெரியும்? 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, துணியும் போயிற்று, ஆட்களும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். அந்தப் படங்களை ஒழுங்காகப் போட்டோ எடுத்து, பெயரோடு ஒரு பத்திரிகை பிரசுரித்திருந்தால் இன்றைக்கு நமக்கு என்று ஒரு பாப் ஓவிய வரலாறே கையில் இருந்திருக்கும்.

இந்தப் பாப் சமாச்சாரமெல்லாம் அமெரிக்காக்காரனுடையது, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பூபேன் கக்கரைக் காட்டுவேன். பம்பாயில் பிறந்து பரோடாவில் வாழ்ந்தவர், தொழில் கணக்குப் பிள்ளை, ஆபீஸ் போய் வந்துகொண்டேதான் வரைந்தார். காலண்டர் சாமி படங்கள், கடைப் பெயர்ப் பலகைகள், ஸ்டுடியோ போட்டோக்களின் பின்னால் தொங்குகிற திரை, இவற்றின் கலரை எடுத்துக்கொண்டு 1970-களில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவரையும் முடி வெட்டுபவரையும் டெய்லரையும் வரைந்தார். 'டீலக்ஸ் டெய்லர்ஸ்' என்று ஒரு படம், 1972. திருப்பூர்க்காரி என்பதால் அதில் என் கண் நின்றுவிட்டது. அந்த டெய்லருக்கு அவர் பரிதாபமும் காட்டவில்லை, உழைப்பின் சின்னமாக உயர்த்தித் தூக்கியும் வைக்கவில்லை. கடையில் ஆள் இருக்கிறார், சுற்றிலும் துணி இருக்கிறது, கலர் பலகைக் கலராகவே இருக்கிறது, அந்த மனிதருக்குரிய மரியாதை முழுசாக இருக்கிறது. தையல் மிஷின் சத்தத்திலேயே வாழ்கிற ஒரு ஊரில், பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிற ஒரு அக்காவை இப்படி யாராவது வரைந்திருக்கிறார்களா என்று தேடினேன். கல்லூரிப் பிள்ளைகள் செல்போனில் போடுகிற படங்களில் இப்போதுதான் ஒன்றிரண்டு வர ஆரம்பித்திருக்கிறது. ஓவர்லாக் மிஷினின் நூல்கோன்கள், தரையில் கிடக்கிற கட்டிங் வேஸ்ட், ராத்திரி ஷிப்ட் டியூப்லைட்டின் பச்சை வெளிச்சம். இதைத்தான் பொம்மைப் படம் என்கிறார்களோ என்று நினைக்கும்போது மனசு பொறுக்கவில்லை.

டி-ஷர்ட்டில் அச்சானால் படம் மட்டமாகிவிடும் என்றும் ஒரு எண்ணம் இருக்கிறது. கீத் ஹாரிங் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரம் ஒட்டாத கறுப்புத் தாள்மேல் சுண்ணக்கட்டியால் வரைந்து பெயர் வாங்கியவர். அவர் 1986-இல் கடையே திறந்து தன் படங்களை டி-ஷர்ட்டிலும் பேட்ஜிலும் அச்சடித்து விற்றார், பணக்காரன் வீட்டு வரவேற்பறைக்கு மட்டும் போய்ச் சேர்வதில் அவருக்கு விருப்பமில்லை. 31 வயசில் இறந்துபோனார், அவர் வரைந்த துள்ளுகிற ஆட்கள் இன்றும் சட்டைகளில் துள்ளிக்கொண்டிருக்கிறார்கள். இது ஒன்றும் வெளிநாட்டு விஷயமல்ல, ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்ததும், கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்த சாமிகள் சிவகாசிக் காலண்டர் வழியாக நம் பூஜை அறைக்கு வந்ததும் இதே காரியம்தான். வார்ஹோலின் ஒரு மர்லின் படம் 2022-இல் 19.5 கோடி டாலருக்கு ஏலம் போனது என்ற செய்தி மட்டும் எல்லாப் பேப்பரிலும் வந்தது. விலையைப் போட்டீர்கள், அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி யாரும் எழுதவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். படம் வரைந்தவர் பெயரைக் கதாசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் அரைப் பக்கம் ஒதுக்கி ஒரே ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டு, அது எப்படி வரையப்பட்டது, எந்த இடத்தில் கண் முதலில் போய் நிற்கிறது, ஏன் அந்தக் கலர் என்று தெரிந்தவர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். விலையும் விருதும் வேண்டாம், படத்தைப் பற்றி மட்டும். கண்காட்சிச் செய்தி போடும்போது குத்துவிளக்கு ஏற்றுகிறவர் படத்தைச் சின்னதாகப் போட்டு, உள்ளே மாட்டியிருந்த ஓவியத்தைப் பெரிதாகப் போடுங்கள். இப்போது தலைகீழாக வருகிறது, விருந்தினரின் தோளுக்குப் பின்னால் சட்டத்தின் மூலைதான் தெரிகிறது. கோவை அவிநாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது, தினமும் அந்த வழியே பஸ்ஸில் போகிறவர்களில் பலர் உள்ளே நுழைந்ததே இல்லை, நீங்கள் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினால் நாலு பேர் இறங்குவார்கள். உக்கடத்தில் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்திருக்கின்றன, அங்கே குடியிருக்கிறவர்களிடம் போய் இந்தப் படத்தோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதலாம், அதற்கு எந்த ஓவிய அறிவும் வேண்டாம்.

கோபிப் பெரியவருக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஐயா, நீங்கள் மணியத்தை நேசிக்கிறீர்கள், நானும் நேசிக்கிறேன். உங்களிடம் பழைய பைண்டிங் இருக்குமென்று நினைக்கிறேன். அவர் வரைந்த ஒரு பக்கத்தையும், இப்போது வருகிற பிள்ளைகளில் ஒருவர் வரைந்த ஒரு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் பாருங்கள், கலரை அப்புறம் பார்க்கலாம். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், அதையும் ஆசையோடு படிப்பேன்.

ஆசிரியருக்குக் கடைசியாக ஒரு தொழில் விஷயம். அந்த அரைப் பக்கம் வருமானால், படத்தை ஓவியரிடமே நல்ல ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள், செல்போன் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எடுக்காதீர்கள், அதற்கு உரிய தொகையையும் கொடுத்துவிடுங்கள். நியூஸ்பிரின்ட் மையை உறிஞ்சும், புள்ளி பரவும், திரையில் தெரிகிற ரோஸ் தாளில் செங்கல் கலராகிவிடும். அதனால் அச்சுக்குப் போகுமுன் ஓவியரிடம் ஒரு தடவை புரூஃபைக் காட்டிவிடுங்கள், தன் ரோஸ் எது என்று அவர் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருப்பூர்